ஓட்டிசம் உள்ள பிள்ளையும் சித்திரைப் புத்தாண்டும்

ஏப்ரல் 2, உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007இல் எடுத்த தீர்மானத்தின்படி 2008 முதல் இது நினைவுகூரப்படுகிறது. அது முடிந்து இரண்டு கிழமைக்குள் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு அந்த நாள் பயத்தோடுதான் விடிகிறது. வன்னியில் நான் சந்தித்த தாயொருவர், மூன்று வருடமாகத் தன் தமையன் வீட்டுக்கு வருசப்பிறப்புக்குப் போகவில்லை என்றார். "பிள்ளை கத்தினா எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்" என்பதே அவர் சொன்ன காரணம். அந்தக் குடும்பத்தில் போருக்குப் பின் எஞ்சியவர்கள் சிலர்தான். அவர்களோடும் கூட முடியாமற் போவது சிறிய இழப்பல்ல.

பிள்ளை ஏன் கத்துகிறது?

ஓட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. தாயின் வளர்ப்புப் பிழையால் அது வருவதில்லை. சத்தம், வெளிச்சம், மணம், தொடுகை ஆகியவற்றை இப்பிள்ளைகளில் பலர் மிகையாகவோ குறைவாகவோ உணர்கிறார்கள். வழமையான ஒழுங்கு மாறுவதும் அவர்களைக் குழப்பும். வருசப்பிறப்பிலோ சீனவெடி, மருத்துநீர் மணம், புதுச்சட்டை, கொஞ்ச வரும் உறவினர் என எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

வெடிச்சத்தம் கேட்டதும் உடம்பு தானாகப் பதறுவதைச் செல்லடிக்குள் வாழ்ந்த எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளையின் பதற்றத்துக்குக் காரணம் வேறு. ஆனால் அந்த நேரத்தில் "சும்மா இரு" என்று அதட்டிப் பயனில்லை என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

நடக்கப்போவதைப் படமாகக் காட்டுங்கள். குளிப்பு, கோயில், மாமா வீடு, சாப்பாடு, திரும்பி வீடு என்று ஐந்து படங்கள் போதும். கைபேசியில் உள்ள கடந்த வருடப் படங்களும் உதவும். சில நாட்களுக்கு முன்பிருந்தே தினமும் ஒருமுறை காட்டலாம்.

புதுச்சட்டையை ஓரிரு தடவை தோய்த்து, கழுத்துப்பட்டியில் உள்ள லேபலை வெட்டிவிட்டு, முதலே போட்டுப் பழக்குங்கள். பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் புதுச்சட்டைதான் வேண்டும் என்றில்லை, அந்நிறத்தில் பழகிய சட்டையே போதும். மருத்துநீரைத் தலையில் ஊற்றாமல் விரலால் ஒரு துளி உச்சியில் தொட்டுவிடலாம்.

போகும் வீட்டில் சாப்பிடாது என்று தெரிந்தால், பிள்ளைக்குப் பிடித்த உணவைக் கட்டிக்கொண்டு போங்கள். அது விருந்தளிப்பவரை அவமதிப்பதாகாது.

அன்றைய நாளில்

கூட்டம் சேர முன்னரே போய்விடுங்கள். ஒவ்வொருவராக வருவதைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். போனவுடன் ஒதுக்கமான ஓர் அறையைக் காட்டி, "களைச்சால் இங்கை வரலாம்" என்று சொல்லிவையுங்கள். காதை மூடும் ஹெட்போன், பிடித்த விளையாட்டுப் பொருள் கையில் இருக்கட்டும். கைவிசேடத் தட்டைப் பிடிப்பது போன்ற சிறு வேலையொன்றைக் கொடுத்தால், தானும் அந்த நாளில் ஓர் ஆள் என்பது பிள்ளைக்குப் புரியும்.

ஒரு மணித்தியாலம் நன்றாக இருந்தாலே அது வெற்றிதான். பிள்ளை களைக்க முன்னரே விடைபெறுங்கள்.

உறவினருக்குச் சொல்லவேண்டியவை

முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "அண்ணை, பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்ச வேண்டாம், அவனா வருவான். வெடியை ஒழுங்கையில கொளுத்தச் சொல்லுங்கோ, கொளுத்த முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ."

பல வீடுகளில் அன்று, இறந்தவர்களினதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களினதும் படங்களுக்கு முன் பெரியவர்கள் அழுவார்கள். அதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள்: "அம்மம்மா அழுவா, உன்னிலை கோவமில்லை."

பிள்ளையின் பேச்சிலோ பழக்கத்திலோ சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, அரச வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.