நுண்ணளவில் வடிவ நினைவுக் கலப்புலோகங்கள்

வடிவ நினைவுக் கலப்புலோகம் என்பது வளைத்தோ நீட்டியோ உருமாற்றிய பின்னர், சூடாக்கினால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் கலப்புலோகம் ஆகும். நிக்கலும் தைட்டானியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையில் சேர்ந்த நிட்டினால் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. மைக்ரோமீட்டர், நானோமீட்டர் அளவுகளில் இவற்றின் இயந்திரவியல் பண்புகள் பெரிய துண்டுகளின் பண்புகளிலிருந்து வேறுபடுகின்றன.

அடிப்படை

இக்கலப்புலோகங்கள் உயர் வெப்பநிலையில் ஆஸ்டெனைட்டு என்னும் படிக அமைப்பையும், தாழ் வெப்பநிலையில் மார்ட்டென்சைட்டு என்னும் படிக அமைப்பையும் கொண்டுள்ளன. அணுக்கள் தம் அண்டை அணுக்களை விட்டுப் பிரியாமல் ஒருங்கே சிறிது நகர்வதால் ஓர் அமைப்பு மற்றதாக மாறுகிறது. ஆஸ்டெனைட்டு நிலையில் தகைவு கொடுத்தாலும் இம்மாற்றம் நிகழும். தகைவை நீக்கியதும் பழைய நிலை மீளும். இது மீமீள்மை எனப்படும். நிட்டினாலில் ஏறத்தாழ 8% வரையிலான திரிபு இவ்வாறு மீளக்கூடும். சாதாரண உலோகங்களில் மீளக்கூடிய திரிபு பொதுவாக 1%-க்கும் குறைவு.

படிகமணி அளவின் விளைவு

ஒரு படிகமணி உருமாறும்போது அதன் வடிவம் மாறுகிறது. சுற்றியுள்ள மணிகள் அதனைத் தடுக்கின்றன. மணி சிறிதாகுந்தோறும் இத்தடை வலுக்கிறது. நிட்டினாலில் மணிகள் ஏறத்தாழ 50 நானோமீட்டரை விடச் சிறியனவாயின், குளிர்வித்தாலும் மார்ட்டென்சைட்டு உருவாவது பெரிதும் தடைப்படுகிறது.

புறப்பரப்பின் விளைவு

பொருள் முழுவதுமே சிறிதாக இருந்தால் விளைவு வேறாகும். செம்பு-அலுமினியம்-நிக்கல் கலப்புலோகம் பெரிய துண்டாக இருக்கையில், மணிகள் சந்திக்கும் எல்லைகளில் தகைவு குவிந்து எளிதில் விரிசலுறும். மெல்லிய கம்பியாக்கினால் மூங்கிலின் கணுக்கள்போல் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன. அண்டை மணிகள் குறைந்து, தடையற்ற புறப்பரப்பு மிகுவதால், உடையாமலே உருமாற இயலும்.

ஒசே சான் உவான், மரியா நோ, கிறிஸ்டோபர் ஷூ ஆகியோர் இக்கலப்புலோகத்தின் ஒற்றைப் படிகத்தில் செதுக்கிய நுண்தூண்களை அழுத்தி, அவை மீமீள்மை காட்டுவதை 2008-இல் வெளியிட்டனர். அத்தூண்களில் உருமாற்றத்தைத் தொடங்கும் தகைவுக்கும் மீட்கும் தகைவுக்கும் இடையிலான வேறுபாடு, அதாவது தயக்கம், பெரிய படிகத்தில் உள்ளதைவிட மிகுதி. தயக்கம் மிகுந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிக ஆற்றல் வெப்பமாக வெளியேறும். எனவே இத்தூண்கள் அதிர்வைத் தணிக்க ஏற்றவை என 2009-இல் அவர்கள் காட்டினர்.

இதே கருத்து உலோகமல்லாத பொருளுக்கும் பொருந்தியது. நொறுங்கும் இயல்புடைய சிர்க்கோனியா என்னும் சுட்டாங்கல்லை நுண்தூண்களாக்கியபோது, 7% வரையிலான திரிபைத் தாங்கி மீண்டதாக 2013-இல் அறிவிக்கப்பட்டது.

பயன்களும் சிக்கல்களும்

சிறிய பொருள் விரைவில் குளிர்வதால், சூடாக்கி இயக்கப்படும் நுண்வால்வுகளும் நுண்எக்கிகளும் விரைந்து இயங்கும். இவற்றுக்கு நிட்டினால் மென்படலங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. ஆயினும் நுண்தூண்களை அயனிக்கற்றையால் செதுக்கும்போது அவற்றின் மேற்படலம் சிதைவுறுகிறது. தூண் மெலியும்தோறும் இச்சிதைந்த பகுதியின் விகிதம் கூடுவதால், அளவிடப்பட்ட மாற்றம் அளவினால் விளைந்ததா, செதுக்கியதால் விளைந்ததா எனப் பிரித்தறிவது கடினமாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- நிட்டினால்
- மீள்மை
- நானோ தொழில்நுட்பம்