வழிப்போக்கர் விட்டுச்சென்ற இசைப்பெட்டி

மாலைநேரத்தில் செபமாலை முடிந்தபின் நம் இல்லங்களில் மாதா மன்றாட்டு மாலை சொல்லப்படுகிறது. அதற்கு லொரேத்தோ மன்றாட்டு மாலை என்றும் பெயருண்டு. இத்தாலியின் கிழக்குக் கரையோரம், மார்க்கே மாநிலத்தில், ஒரு குன்றின்மேல் அமைந்த திருத்தலமே லொரேத்தோ. நாசரேத்தில் அன்னை மரியா வாழ்ந்த வீடு அங்கே இருப்பதாகக் கிறிஸ்தவ மரபு கூறும். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் திருப்பயணிகள் அக்குன்றை நாடி நடந்திருக்கின்றனர்.

லொரேத்தோவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் காஸ்தெல்பிதார்தோ என்னும் மற்றொரு குன்றுநகர் உள்ளது. அந்நகராட்சியின் பழைய மாளிகையில், தரைத்தளத்துக்குக் கீழே, 1981-ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரசர்களின் முடியும் வாளும் அங்கே இல்லை. பல நாடுகளில் உருவான 300-க்கும் மேற்பட்ட அக்கார்டியன்கள் அணிவகுத்து நிற்கின்றன. முத்துச்சிப்பி பதித்தவை, மரச்சித்திர வேலை செய்தவை, கையடக்கமானவை எனப் பலவகை. பழைய நிழற்படங்களும், ஒரு கைவினைஞரின் பட்டறை அமைப்பும் உடன் உள்ளன. ஒரு சிற்றூர் ஓர் இசைக்கருவிக்கு ஏன் கோயில் எழுப்பியது போல் நினைவில்லம் எழுப்பியது? அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அக்கார்டியன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் ஆலயப் பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்கு அது நெருங்கிய உறவு. இரண்டிலும் துருத்தி காற்றைச் செலுத்துகிறது. அக்காற்றில் மெல்லிய உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. 'ரீடு' என்று நாம் சொல்வது இந்நாக்கையே. இத்தத்துவத்தைச் சீனர் பண்டைக்காலத்திலேயே 'ஷெங்' என்னும் மூங்கில் கருவியில் கையாண்டனர். 1829-ஆம் ஆண்டு மே மாதம், வியன்னா நகரில் ஆர்கன், பியானோ செய்துவந்த சிரில் தெமியான் என்பவர், மடியில் வைத்து இசைக்கும் ஒரு சிறு பெட்டிக்குக் காப்புரிமை கோரினார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சுரக்கூட்டே ஒலித்தது. சுரக்கூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'அக்கார்டியன்' என்ற பெயர் பிறந்தது. ஆலயத்துக்கு ஒரு பெரிய ஆர்கன் வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டும். இப்பெட்டியையோ ஓர் உழவன் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லலாம்.

வியன்னாவில் பிறந்த கருவி காஸ்தெல்பிதார்தோவுக்கு வந்த கதையை அறியுமுன், அவ்வூரின் வேறொரு நினைவையும் அறிதல் வேண்டும். 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் அவ்வூரின் சரிவுகளில் ஒரு போர் நிகழ்ந்தது. மார்க்கே அப்போது திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருக்காகத் தளபதி லமொரிசியேரின் தலைமையில் பிரான்சு, பெல்ஜியம், அயர்லாந்து, ஆஸ்திரியா முதலிய நாடுகளின் தன்னார்வ வீரர்கள் நின்றனர். எதிரே, இத்தாலியை ஒரே நாடாக்க முனைந்த பியமோந்து அரசின் படை, தளபதி சால்தீனியின் தலைமையில் நின்றது. திருத்தந்தையின் படை தோற்றது. எஞ்சியோரில் பலர் லொரேத்தோவில் ஒதுங்கினர். இருபுறமும் செபமாலை சொல்லும் தாய்மாரின் பிள்ளைகளே மடிந்தனர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஒரே அன்னையை வேண்டிக்கொண்டவர்கள், அவள் திருத்தலத்தின் நிழலிலேயே ஒருவரையொருவர் கொன்றனர்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1863-ஆம் ஆண்டு, லொரேத்தோவுக்குச் சென்று திரும்பிய ஆஸ்திரியத் திருப்பயணி ஒருவர், காஸ்தெல்பிதார்தோவில் சொப்ரானி என்னும் உழவர் குடும்பத்தின் வீட்டில் ஓரிரவு தங்கினார் என்று அவ்வூர் மரபு சொல்கிறது. அவரிடம் ஓர் அக்கார்டியன் இருந்தது. விருந்தோம்பலுக்கு நன்றியாக அதனை அவ்வீட்டாரிடம் விட்டுச்சென்றார் என்பர் ஒரு சாரார். அவரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது என்பர் வேறு சிலர். எதுவாயினும், பத்தொன்பது வயதினனான அவ்வீட்டு மகன் பவுலோ சொப்ரானி அப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். அதைப்போலவே வேறொன்றைச் செய்யத் தொடங்கினான்.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் இக்கதையின் கனம் விளங்கும். 1859-இல் ஆஸ்திரியாவும் பியமோந்தும் போர் புரிந்தன. 1866-இல் இத்தாலி மீண்டும் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் படை எடுத்தது. இவ்விரு போர்களுக்கும் இடையில்தான் ஓர் ஆஸ்திரியர் அக்கதவைத் தட்டினார். அவர் நாட்டு வீரர்கள் அவ்வூர்ச் சரிவில் தோற்றுச் சென்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வுழவர் வீட்டில் நாட்டைக் கேட்டுக் கதவைச் சாத்தவில்லை. மாலை கவிந்த வேளையில் அறிமுகமற்ற வழிப்போக்கரைத் தங்கும்படி வற்புறுத்திய எம்மாவு சீடர் இருவர் நம் நினைவுக்கு வருகின்றனர்.

வீட்டின் கீழறையில் சகோதரர்களோடு தொடங்கிய தொழில், 1872-இல் நகரின் நடுச்சதுக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. பிற குடும்பங்களும் பட்டறைகள் அமைத்தன. அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தொழில் பரவியது. வயலில் விளைச்சல் குன்றிய நாட்களில் பட்டறையே அடுப்பெரித்தது. பல வேலைகள் வீடுகளுக்கே அனுப்பப்பட்டன. ஆண்களோடு பெண்களும் அவற்றைச் செய்துமுடித்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வறுமையால் அர்ஜென்டினாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய இத்தாலியர் இக்கருவியைச் சுமந்து சென்றனர். மொழி புரியாத நாட்டில் அது அவர்களுக்குத் தாய்மண்ணின் குரலாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தொழில் உச்சத்தை எட்டியது. 1953-ஆம் ஆண்டு ஏறத்தாழ 2 இலட்சம் அக்கார்டியன்கள் இத்தாலியிலிருந்து ஏற்றுமதியாயின. ஆனால் 1960-களில் இளைஞர் உள்ளம் மின்கிதாரை நாடியது. பட்டறைகள் பல மூடப்பட்டன. சில மின்னணு ஆர்கன் செய்யத் தலைப்பட்டன. அச்சரிவுக்குப் பின்னரே அருங்காட்சியகம் எழுந்தது. கையிலிருந்து நழுவத் தொடங்கிய பின்னரே நாம் பலவற்றைப் போற்றத் தலைப்படுகிறோம். எனினும் அக்கைத்தொழில் அழிந்துவிடவில்லை. இன்றும் அந்நகரில் அக்கார்டியன்கள் செய்யப்படுகின்றன.

ஒரு சிறு செய்தியையும் இங்கே குறிப்பிடுதல் தகும். அக்கார்டியனின் உலோக நாக்குகளைச் சட்டத்தில் பொருத்தத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையைப் பயன்படுத்துவர். ஆண்டுகள் செல்ல அம்மெழுகு காய்ந்து வெடிக்கும், நாக்குகள் கழன்றுவிடும். துருத்தியின் தோலும் மடிப்புகளில் இறுகும். கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படும் கருவி தன் அழகை இழப்பதில்லை. ஆனால் அதன் குரல் சிறிது சிறிதாக அடங்குகிறது. நம் ஊர்க் கோயில்களின் பாடற்கூடத்து மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஆர்மோனியங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றை வாங்க ஒரு தலைமுறை அரிசியும் காசும் சேர்த்திருக்கும். இசைக்கத் தெரிந்த முதியவர் நம்மிடையே இருக்கையிலேயே ஓர் இளைஞன் அவரருகில் அமரலாகாதா?

காஸ்தெல்பிதார்தோவில் இன்றும் இரு நினைவுகள் அருகருகே நிற்கின்றன. 1912-இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னத்தில் வென்ற தளபதியின் உருவம் வெண்கலத்தில் உயர்ந்து நிற்கிறது. திருப்பயணிக்கோ பெயர்கூட மிஞ்சவில்லை. ஆயினும் உலகில் அவ்வூரின் பெயரைப் பெரும்பாலோர் அறிவது அப்பெயரற்றவர் விட்டுச்சென்ற பெட்டியினாலேதான்.

இன்று மாலை மன்றாட்டு மாலையைச் சொல்லும்போது, லொரேத்தோவிலிருந்து நடந்துவந்த அவரையும், அவருக்குக் கதவைத் திறந்த அவ்வீட்டாரையும் நினைவுகூர்வோம். நம் வாசலில் நிற்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று கேட்குமுன், அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் தருவோம்.