கனகாம்பரத்தோட சொந்தக்காரி சிவப்புப் பட்டியலில் சேர்ந்த கதை: நீலக்குறிஞ்சி

'12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் குறிஞ்சி பூத்தது!' - வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த ஃபார்வர்டு உங்க வாட்ஸ்அப்புக்கு வந்துடும். போன வருஷமும் இதேதானே வந்துச்சுனு யோசிச்சிருக்கீங்களா? சபாஷ், உங்க சந்தேகம் நியாயமானது.

குறிஞ்சிங்கிறது ஒரே ஒரு செடியின் பெயர் இல்லை. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும். மகாராஷ்டிர மலைகளில் இருக்கும் 'கார்வி'க்கு ஏழெட்டு வருஷக் கணக்கு. நாம கொண்டாடுற 12 வருஷக் குறிஞ்சியின் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இதுவும்கூட எல்லா மலையிலும் ஒரே வருஷம் பூக்காது. அதனால எல்லா ஃபார்வர்டும் பொய்யில்லை; ஆனா, எந்தக் குறிஞ்சி, எந்த மலைனு கேட்கணும்.

குடும்பம்? அகாந்தேசி. பாட்டி தலையில் வெச்ச கனகாம்பரம், டெங்கு சீசனில் முகம் சுளிச்சுக் குடிச்ச நிலவேம்பு, இருமலுக்கு ஆடாதோடை... எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1832-ல் இதை முதன்முதலில் விவரித்த ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ், வேறொரு பேரினத்தில்தான் வைத்தார். பிறகு ஸ்ட்ரோபிலாந்தஸுக்கு வந்தது. 1944-ல் பிரெமெகாம்ப் என்பவர் அந்தப் பேரினத்தையே பல துண்டுகளாக உடைக்க, பின்னால் வந்தவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். பழைய புத்தகங்களில் வேறு பெயர் இருந்தா குழம்பாதீங்க.

2024-ல்தான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யூ.சி.என்) சிவப்புப் பட்டியலில் குறிஞ்சி முதன்முறையாக மதிப்பிடப்பட்டது. கிடைத்த இடம் 'வல்னரபிள்', அதாவது அழியும் வாய்ப்புள்ள இனம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறுனு மலை மலையா இருக்கே, அப்புறம் என்னனு கேட்கலாம். இங்கே தலையை எண்ணவில்லை, சரிவைத்தான் பார்த்தார்கள். 10 ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது அதிகமோ அந்தக் காலத்துக்குள் 30 சதவிகிதமாவது குறைந்திருந்தால் இந்தப் பிரிவு. குறிஞ்சிக்கு ஒரு தலைமுறையே 12 வருஷம்! மூன்று தலைமுறைன்னா 36. அதற்குள் தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ், சீகை மரம், ரிசார்ட் என்று சோலைப் புல்வெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. குறிஞ்சிக்கு அந்தப் புல்வெளிதான் வீடு. காட்டு மரம் நட்டாலே நல்லதுன்னு நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2022-ல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இருக்கிறது. காட்டிலிருந்து பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். கேரளம் 2006-லேயே இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. ஆனாலும் 2022-ல் இடுக்கியின் கள்ளிப்பாறையில் பூத்தபோது, கூட்டம் மிதித்தது பாதி, செல்ஃபிக்காகப் பறித்தது மீதி. பிளாஸ்டிக் பாட்டில்கள் தனிக்கணக்கு.

'ஒரு பூதானே'னு தோணும். மல்லிச் செடி நாளைக்கும் பூக்கும். குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, விதை போட்டு, செத்துப்போகும். அந்தப் பூ விதையாகாமல் உங்க கைக்கு வந்துட்டா, அந்தச் செடிக்கு அடுத்த சான்ஸ் கிடையாது.

மூணாறு பக்கம் 2006, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. பிளான் பண்றவங்க ஆகஸ்ட், செப்டம்பரை மனசுல வெச்சுக்கோங்க. கேமராவில் ஜூம் இருக்கு, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.