வீட்டுக்குள் வந்த கடல்: கடல்நீர் மீன்தொட்டியின் வரலாறு

நன்னீர் மீன்களை மனிதர் பல நூற்றாண்டுகளாக வீட்டில் வளர்த்து வருகின்றனர். கடல் மீனையும் பவளத்தையும் வீட்டில் வளர்க்கும் வழக்கத்துக்கோ இன்னும் இருநூறு வயது ஆகவில்லை. கடல்நீரை எங்கிருந்து பெறுவது, அதைக் கெடாமல் எப்படிக் காப்பது, கழித்த நீரை எங்கே விடுவது ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை தேடியதே இந்தத் தொட்டியின் வரலாறு. கிணற்று நீரையும் செப்டிக் டேங்கையும் நம்பியிருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் தொட்டி கடலோரத்திலேயே இருந்தது. பிரான்ஸில் பிறந்து சிசிலித் தீவின் மெசினாவில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ-பவர், ஆர்கோநாட் என்னும் பேய்க்கணவாய் இனத்தை ஆராய 1832-இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். அந்த உயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறு உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்பது அன்றைய விவாதம். தானே உண்டாக்குகிறது என்று அவர் நிறுவினார். கடல் பக்கத்திலேயே இருந்ததால் நீருக்குக் குறைவில்லை.

கடலைவிட்டுத் தொலைவில் உள்ள வீட்டுக்குக் கடல்நீர்த் தொட்டியைக் கொண்டுசென்றவர் அன்னா தின். 1846-இல் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையில் சேகரித்த பவள உயிர்களை, ஊசிநூலால் பஞ்சுயிரி ஒன்றில் தைத்து, கடல்நீர் நிறைந்த ஜாடியில் வைத்து லண்டனுக்கு எடுத்துவந்தார். நீரில் காற்று கலக்க வேண்டும் என்பதற்காக, பணிப்பெண் ஒருவர் நாள்தோறும் சன்னலருகே நின்று அரைமணி நேரத்துக்கும் மேலாக அதைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் சேர்த்தபோது அது வெளிவிட்ட ஆக்சிஜன் இந்த வேலையைப் பெருமளவு குறைத்தது.

தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாட்டைத் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றைக் கொண்டு விளக்கி, வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் கட்டுரை வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் கூடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களில் முதன்மையானவர் பிலிப் ஹென்றி காஸ். கடல்நீரைக் கடல் இல்லாமலேயே தயாரிக்கும் முறையை 1854-இல் பரப்பியவரும் அவரே. சுமார் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அளவு சாப்பாட்டு உப்பு, அதனுடன் சிறிதளவு எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. சுண்ணாம்புச் சத்தைத் தனியே சேர்க்கத் தேவையில்லை, சாதாரணத் தண்ணீரிலும் தொட்டியில் இடும் கல், சிப்பியிலும் அது இருக்கும் என்பது அவர் கணக்கு. செயற்கைக் கடல்நீரின் தரம் அதைக் கரைக்கும் நன்னீரையும் பொறுத்தது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-இல் நீங்கியிருந்ததால் தொட்டிகள் மலிந்தன. ஆல்ஃபோர்டு லாய்டு லண்டனில் கடல் உயிர்களையும் கடல்நீரையும் விற்கும் கடை நடத்தினார். ஆனால் அளவுக்கு மீறி உயிர்களை இட்ட தொட்டிகள் நாறின. 1860-களில் மீன்தொட்டி மோகம் தணிந்தது. காட்சிசாலைகளுக்கு லாய்டு வேறு வழி கண்டார். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த காட்சிசாலையில், தொட்டிகளைவிடப் பலமடங்கு பெரிய இருட்டுத் தேக்கம் கீழே இருந்தது. நீர் ஓயாமல் அதற்கும் தொட்டிகளுக்கும் இடையே சுற்றிவந்தது. கடற்கரை ஊர்களுக்குக் கடலை ஒட்டியே தொட்டிகளை அமைக்கும் எளிய வழியும் இருந்தது. சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை கடலோரத்திலேயே அமைந்தது.

நீர் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு விடை கழிவுநீர் ஆய்விலிருந்து வந்தது. 1877-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஸ்லோசிங்கும் மியூன்ட்ஸும் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை வடியவிட்டனர். சில வாரங்களில் அதன் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவந்தது. நுண்ணுயிர்களை முடக்கும் குளோரோஃபார்மைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே அது நுண்ணுயிர்களின் வேலை. 1890-இல் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். செப்டிக் டேங்கும் இதே காலத்தின் படைப்புதான். பிரான்ஸில் மூராஸ் 1881-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் கேமரன் 1895-இல் அதைச் செம்மைப்படுத்தினார். மீன்தொட்டியின் வடிகட்டியிலும் செப்டிக் டேங்கின் நீர் ஊறும் மண்ணிலும் நடப்பது ஒரே நுண்ணுயிர்த் தொழில்.

இந்த அறிவு வீட்டுக்கு வர நெடுங்காலம் ஆனது. உலோகச் சட்டமிட்ட பழைய தொட்டிகள் உப்பில் அரித்து மீன்களுக்கு நஞ்சாயின. சிலிக்கான் பசையால் ஒட்டிய முழுக்கண்ணாடித் தொட்டிகள் 1960-களில் அந்தக் குறையைத் தீர்த்தன. 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிருள்ள கடற்பாறையும் காற்றுக்குமிழியும் கொண்டே பவளம் வளர்ப்பதை விவரித்தார். 1964-இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் தொடங்கிய நிறுவனம் ஒன்று, கரைத்தவுடன் கடல்நீராகும் பொட்டல உப்பை விற்றது. கடலுக்குத் தொலைவான கிராமத்து வீட்டிலும் கடல் உண்டாக்க முடிந்தது.

அங்கே நன்னீர் என்பது கிணற்று நீர். உரமிட்ட வயல்களின் நைட்ரேட், நிலத்தடி இரும்பு, கடினத்தன்மை ஆகியவை அதில் கலந்திருக்கலாம். அமிலத்தன்மையுள்ள கிணற்று நீர் செம்புக் குழாயைக் கரைக்கும். மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவுச் செம்பே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். இதற்குத் தீர்வான, நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வை, கலிபோர்னியாவில் சிட்னி லோபும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி உருவாக்கினர். 1965-இல் அதன் முதல் நகர ஆலை கோலிங்காவில் இயங்கியது. அவ்வூரின் நிலத்தடி நீர் உவர்நீர் என்பதால் முன்பு குடிநீர் ரயிலில் வந்தது. பின்னர் இந்தச் சவ்வு சிறு குழாய்களுக்குள் அடங்கி, மீன் வளர்ப்போரின் வீட்டுக்கும் வந்தது.

வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு பங்கு தூய நீருக்கு மூன்று, நான்கு பங்கு நீரை வெளியேற்றும். மாதந்தோறும் 40 லிட்டர் மாற்றும் தொட்டிக்கு 120 முதல் 160 லிட்டர் வரை வீணாகும். இதைச் செப்டிக் டேங்கில் விடாமல் துணி துவைக்கப் பயன்படுத்தலாம். மாற்றி எடுத்த கடல்நீர்தான் சிக்கல். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 40 லிட்டரில் 1.4 கிலோ உப்பு, ஆண்டுக்குச் சுமார் 17 கிலோ. செப்டிக் டேங்க் கழிவைச் செரிக்கும், உப்பைச் செரிக்காது. திடீரென மிகுந்த உப்பு வந்தால் நுண்ணுயிர்கள் தளரும். சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் ஊறுவதைத் தடுக்கும். எஞ்சிய உப்பு நிலத்தடி நீரை நோக்கி இறங்கும். அதே மனையில் அந்த வீட்டின் கிணறும் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நுண்ணுயிர்களுக்கு அதிர்ச்சி குறையும், உப்பின் மொத்த அளவு குறையாது. குறைந்த மீன், அளவான தீனி, கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி, நைட்ரேட்டை உண்ணும் கடற்பாசி ஆகியவை நீர் மாற்றும் தேவையையே குறைக்கின்றன. கிணறும் செப்டிக் டேங்கும் உள்ள வீட்டில் தொட்டியின் அளவைக் கூடத்தின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த மனையின் மண் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.