கல்யாணம் கட்டி நாடு மாறினாலும் விடாத வரி

ஒரு சின்னக் கேள்வி நண்பர்களே. அமெரிக்காவில் ரிட்டயர் ஆன ஒரு பெண்மணி, மெக்சிகோக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடியேறுகிறார். இனி அமெரிக்கா அவரிடம் வருமான வரி கேட்குமா?

கேட்கும். காரணம் குடியுரிமை!

1907-ல் கதையே வேறு. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையே பறிபோனது. 1922-ல் வந்த கேபிள் சட்டம்தான் இந்த அநியாயத்தைப் பெருமளவு நீக்கியது.

இரண்டே வருடத்தில் இன்னொரு திருப்பம். மெக்சிகோ நகரில் வாழ்ந்த குக் என்ற அமெரிக்கர், அங்குள்ள சொத்தின் வருமானத்துக்கு அமெரிக்கா எப்படி வரி போடலாம் என்று வழக்குப் போட்டார். 1924-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. குடிமகன் எங்கிருந்தாலும் அரசின் பாதுகாப்பு உண்டு, அதனால் வரியும் உண்டு என்றது.

இரட்டை வரியைக் குறைக்க, வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழிக்கும் வசதி 1918 சட்டத்திலேயே இருந்தது. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு 1926-ல் தனிச் சலுகையும் வந்தது. ஆனால் இன்றும் அந்தச் சலுகை சம்பளத்துக்குத்தான், பென்ஷனுக்கு இல்லை.

போராடி மீட்ட குடியுரிமை, வரியையும் கூடவே கூட்டி வந்துவிட்டது. எனக்கென்னவோ 1907-ஐ விட இது எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. உங்களுக்கு?