கொல்லிமலைச் சதகமும் ஐப்பசி எண்ணெயும்

கொல்லிமலை அறப்பளீசுரரை விளித்துச் சீர்காழி அம்பலவாணக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய அறப்பளீசுர சதகம் அமைப்பால் சைவப் பிரபந்தம். பொருளால் உலகியல் நூல். இல்லறம், நட்பு, அரசு, சகுனம், நாள், கிழமை என அக்காலத் தமிழர் அன்றாடம் கேட்டு நடந்த வழக்குகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு செய்திகளை இங்கு ஒருசேர நோக்க வேண்டும். ஒன்று எண்ணெய் முழுக்குக்குரிய நாட்கள் பற்றியது: ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் ஆகாது, சனிக்கிழமை நன்று என்பன போன்ற விதிகள். மற்றொன்று கனவின் பலன் பற்றியது. எண்ணெயும் கனவும் ஒரே நூலில் இடம்பெற்றது தற்செயலாகலாம். ஆயினும் இவ்விரண்டும் வேறோரிடத்தில் நெருங்கிச் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு வைணவ உரைமரபுக்கு மிகவும் உரியது.

சதகம் பாடிய கவிராயரை, இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரின் மைந்தர் என்பர். தந்தையார் தம் நூலைத் திருவரங்கத்தில் அரங்கேற்ற விழைந்தபோது அரங்கன் கனவில் தோன்றித் திருவுள்ளம் உணர்த்தினான் என்று வழங்கும் கதையும், பள்ளிகொண்ட பெருமானை நோக்கி ஏன் உறங்குகிறீர் என்று வினவும் அவருடைய கீர்த்தனையும் பலரும் அறிந்தவை. துயிலும் இறைவனிடம் கேள்வி கேட்டவர் தந்தை. துயில்வோர் காணும் கனவுக்குப் பலன் சொன்னவர் மகன்.

கனவுக்குப் பலன் கூறும் வழக்கு தமிழில் தொன்மையானது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே கனாத்திறம் உரைத்த காதை எனப் பெயர் பெற்றது. கண்ணகி தன் தீக்கனாவைத் தோழி தேவந்தியிடம் உரைக்கிறாள். பின்னர்க் கோவலனும் கோப்பெருந்தேவியும் காணும் கனவுகளும் அவ்வாறே பலிக்கின்றன. பொன்னவன் இயற்றியதாக வழங்கும் கனாநூல் இவ்வழக்கை இலக்கணமாகவே வகுத்துவிட்டது. இரவின் முதல் சாமத்தில் கண்ட கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது 8 மாதத்திலும், மூன்றாம் சாமத்தது 3 மாதத்திலும், கடைச் சாமத்தது 10 நாளிலும் பலிக்கும் என்பது அதன் கணக்கு. இன்றைய பஞ்சாங்கங்களில் அச்சாகும் கனாப்பலன் பட்டியல்கள் இந்நெறியின் தேய்ந்த வடிவங்களே. அப்பட்டியல்களில் எண்ணெய்க்கு நல்ல இடம் கிடைப்பதில்லை. எண்ணெய் பூசிக்கொள்வதாகக் கனாக் கண்டால் நோய் அல்லது சாவு என்பதே பொதுவழக்கு.

இவ்வச்சத்தின் வேரைக் காணக் கொல்லியின் மற்றொரு பெயரை நினைக்க வேண்டும். வைணவர்க்குக் கொல்லி என்றவுடன் நெஞ்சில் எழுபவர் குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியின் பலன் கூறும் பாசுரத்தில் அவர் கொல்லிக்குக் காவலராகவும், கூடலுக்கு நாயகராகவும், கோழிக்குக் கோனாகவும் தம்மைக் கூறிக்கொள்கிறார். கூடல் மதுரை, கோழி உறையூர். எனவே கொல்லி சேரர்க்குரியது என்பதில் ஐயமில்லை. அது சேரர் தலைநகரைக் குறித்ததா, மலையைக் குறித்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வல்வில் ஓரியை வீழ்த்தி மலையமான் திருமுடிக்காரி கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்னும் சங்கச் செய்தியை நோக்கினால், ஆழ்வாரின் பட்டப்பெயரில் இம்மலையின் நினைவு அறவே இல்லை எனல் கடினம். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகியவை போற்றும் கொல்லிப்பாவையின் மலை, சேரர் தம் பெருமைக்கு அடையாளமாகக் கொண்ட மலையன்றோ.

அந்தக் கொல்லி காவலர் இராமாயணத்தை நிகழ்ந்து முடிந்த கதையாகக் கேட்டவர் அல்லர். கரனுடைய பெரும்படையை இராமபிரான் தனியே எதிர்கொண்டான் என்று கதைசொல்வோர் கூறக் கேட்டு, உடனே தம் சேனையைப் புறப்படப் பணித்தார் எனக் குருபரம்பரை கூறும். அவர் உயிராகக் கொண்ட அந்த இராமாயணத்தில்தான் எண்ணெய்க் கனவு முழு உருவம் பெறுகிறது.

கேகய நாட்டில் மாமன் வீட்டில் இருந்த பரதன், அயோத்தித் தூதர் வந்துசேர்ந்த இரவில் ஒரு கனாக் காண்கிறான். தசரதர் தலைவிரிகோலமாய் மலையுச்சியிலிருந்து சாணக் குட்டையில் விழுகிறார். நகைத்துக்கொண்டே கைகளால் எண்ணெயை அள்ளிப் பருகுகிறார். எள்ளுச்சோறு உண்டு, உடல் முழுதும் எண்ணெய் பூசி, எண்ணெயிலேயே மூழ்குகிறார். கழுதை பூட்டிய தேரில் தென்திசை நோக்கிச் செல்கிறார். சுந்தர காண்டத்தில் திரிசடை காணும் கனவிலும் இராவணன் தலை மழித்து, எண்ணெய் தோய்ந்து, செவ்வாடை உடுத்துத் தெற்கே போகிறான். இராமபிரானோ வெண்மாலையும் வெள்ளாடையும் தரித்துத் தந்தப் பல்லக்கில் வருகிறான்.

பரதன் கனவில் ஒரு நுட்பம் உண்டு. அவன் கனாக் கண்ட இரவில் தசரதர் மெய்யாகவே எண்ணெயில்தான் இருந்தார். மைந்தர் எவரும் அருகில் இல்லாமையால் ஈமக்கடன் செய்ய இயலாது, அமைச்சர்கள் அரசன் திருமேனியை எண்ணெய்த் தொட்டியில் இட்டுக் காத்தனர் என வான்மீகி முன்னரே கூறிவிட்டார். அக்கனவு குறிப்பால் உணர்த்திய அளவோடு நிற்கவில்லை. தொலைவில் இருந்த உண்மையின் ஒரு பகுதியை அவ்வாறே காட்டியது. எண்ணெய் என்றால் சாவு எனப் பட்டியலிடும் கனாப்பலன் நூல்கள் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

கனவில் இத்துணை அஞ்சப்படும் எண்ணெயை, ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில், கதிர் எழுமுன், குழந்தை முதல் முதியவர் வரை தலையில் வைத்துக்கொள்கின்றனர். இது கனவு வழக்கோடு மட்டும் முரண்படவில்லை. சதுர்த்தசி, அட்டமி, அமாவாசை, பௌர்ணமி, சங்கராந்தி ஆகிய பர்வ நாட்களில் எண்ணெய் தேய்ப்போர் நரகம் எய்துவர் என ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சம் விலக்குகிறது. ஆக, விலக்கப்பட்ட திதி, வழக்கமல்லாத பொழுது, தீக்கனவின் பொருள் ஆகிய மூன்றும் ஒரு விடியலில் கூடி மங்களமாகின்றன. சதகம் கூறும் கிழமை விதியும் அன்று பேசாது ஒதுங்குகிறது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால் எவரும் முழுக்கைத் தள்ளிவைப்பதில்லை.

இம்மாற்றத்துக்கு நரகாசுர வதமே காரணம் என்பது மக்கள் விடை. ஆனால் அவ்வதத்தை விரித்துரைக்கும் விஷ்ணு புராணத்தின் ஐந்தாம் அம்சத்திலும், ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்திலும் எண்ணெய் முழுக்கு இல்லை. இந்நாளைக் கொண்டாடுக என்னும் வரமும் இல்லை. பூமிப்பிராட்டி அதிதியின் குண்டலங்களைத் திருப்பித் தருவதும், மகன் செய்த பிழையைப் பொறுக்க வேண்டுவதுமே அங்குள்ளன. வழக்கத்துக்கு ஆதாரம் தர்மசாஸ்திர நிபந்த நூல்களில் இருக்கிறது. அந்நாளில் எண்ணெயில் திருமகளும் நீரில் கங்கையும் உறைகின்றனர் என்பது அவற்றின் கூற்று. அதே நாளில் யமனுக்குத் தர்ப்பணமும் தீபமும், அமாவாசையில் பித்ருக்கள் திரும்பும் வழிக்கு ஒளி காட்டலும் விதிக்கப்பட்டுள்ளன. மாளயத்தில் வந்த முன்னோர் விடைபெறும் பருவம் அது. எள், எண்ணெய், தென்திசை, யமன் எனப் பரதன் கனவில் இருந்தவை யாவும் இச்சடங்கிலும் உள்ளன. கனவில் அவை மனிதன்மேல் வந்து விழுகின்றன. சடங்கில் மனிதன் அவற்றைத் தானே கையில் எடுத்து அளிக்கிறான். நரக பயம் நீங்குவதற்கே இந்த நீராட்டம் என்று நிபந்தங்கள் கூறுவதும் இதனோடு பொருந்துகிறது. நரகன் என்னும் பெயரும் நரகம் என்னும் சொல்லும் ஒலியால் நெருங்கியமையால், புராணக் கதை பின்னர் இதனோடு இணைந்தது எனக் கொள்ள இடமுண்டு.

கனவின் குறி உண்மையாயின் அதைச் சடங்கால் மாற்றுவது எங்ஙனம்? பொய்யாயின் அஞ்சுவது எதற்கு? இவ்வினாவுக்கு எம்பெருமானார் தரிசனத்தில் தெளிந்த விடை உண்டு. ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயம் இரண்டாம் பாதம் கனவு ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறது. தேரும் வழியும் இல்லாத இடத்தில் தேரையும் வழியையும் படைக்கிறான் என்று பிருகதாரண்யகம் கூறுவது யாரை? ஜீவனையே என்பது பூர்வபக்ஷம். பரமாத்மாவையே என்பது சித்தாந்தம். உறங்குவோரிடையே விழித்திருந்து படைப்பவன் எனக் கடவல்லி கூறுபவன் அவனே. சூத்திரத்தில் வரும் மாயை என்னும் சொல்லுக்குப் பொய் என்று பொருள் கொள்ளாது, வியப்புக்குரியது என்றே பாஷ்யகாரர் பொருள் கொள்கிறார். கனவுப் பொருட்கள் அவனால் படைக்கப்பட்டவை, கண்டவனுக்கு மட்டுமே உரியவை, அந்நேரத்தளவே நிற்பவை, அவனுடைய சிறு புண்ணிய பாவங்களுக்கு ஏற்ற பயனைத் தருபவை.

அங்கு அவர் கூறும் ஒரு காரணம் கனாப்பலன் தேடுவோர் அனைவரும் எண்ணத்தக்கது. காமிய கர்மம் செய்பவன் கனவில் பெண்ணைக் கண்டால் கர்மம் பலிக்கும் என்று சாந்தோக்கியமும், கரிய பல்லுடைய கரிய மனிதனைக் கண்டால் சாவு என்று மற்றொரு சுருதியும் கூறுகின்றன. ஆகவே கனவு நன்மை தீமைகளைச் சுட்டுகிறது. ஜீவன் தன் விருப்பத்தால் கனவைப் படைப்பானாயின் தீக்கனவை எவனும் தனக்குப் படைத்துக்கொள்ள மாட்டான். அச்சந்தரும் கனவு இருத்தலே அதைப் படைப்பவன் வேறொருவன் என்பதற்குச் சான்று.

இதிலிருந்து பெறப்படுவன இரண்டு. கனவின் குறி வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளத்தக்கதன்று. ஆனால் ஒவ்வொரு கனவும் ஒருவனுடைய கர்மத்துக்கே அளந்து தரப்பட்டதாகையால், எண்ணெய்க்கு இன்ன பலன், பாலுக்கு இன்ன பலன் என எல்லார்க்கும் பொதுவாக விலை குறிக்கும் பட்டியலுக்கு இத்தரிசனத்தில் வலிமை குறைவு. ஆண்டாள் வாரணமாயிரத்தில் தோழியிடம் கூறும் திருமணக் கனவை அபசகுன, நற்சகுனக் கணக்கில் சேர்ப்பார் எவருமிலர். அதை எம்பெருமான் தந்த அநுபவமாகவே மரபு போற்றுகிறது. கண்ணகியும் தோழியிடமே கனவுரைத்தாள் என்பதை நினைத்தால் இவ்வேறுபாடு இன்னும் விளங்கும். தந்தவனே மாற்றவும் வல்லன் என்பதால்தான், ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் தீக்கனவை அழிப்பவன் என்னும் பொருளில் து:ஸ்வப்ந நாசன: என்று ஒரு திருநாமம் உள்ளது. பராசர பட்டர் தம் பகவத்குண தர்ப்பணத்தில் அதைக் கஜேந்திர மோக்ஷத்தோடு இயைத்து உரைக்கிறார்.

உறங்குவோரிடையே விழித்திருப்பவனே அறிதுயில் கொள்பவனாகவும் கொல்லியின் அருகில் காட்சி தருகிறான். மலைக்குத் தென்மேற்கே நாமக்கல் குன்றில், 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபின் குணசீலன் குடைவித்த அதியேந்திர விஷ்ணுகிருகத்தில், அரவணைமேல் அரங்கநாதன் பள்ளிகொண்டுள்ளான். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இப்பெயரை மயங்கலாகாது) தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் அக்கதை பதிவாகியுள்ளது: கரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியில் இருக்க மனங்கொள்ளாது வெளியேற, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்து சேலம் நாட்டு மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பது மலைக்கு மலை மாறும்.

திருமழிசையாழ்வார் சொல்லக் கேட்டுப் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டுப் புறப்பட்ட திருவெஃகாப் பெருமானை அறிந்தோர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. கரி என்பதில் அத்திகிரியின் மறுபெயரான கரிகிரியைக் காணவும் மனம் விழையும். ஒப்புமை இனிது, ஆயினும் ஒப்புமை அளவிலேயே அதை நிறுத்துவது நேர்மை. அடியார் பொருட்டுப் படுக்கை விட்டெழும் பெருமான் என்னும் எண்ணம் கோயிலிலும் மலையிலும் ஒருங்கே வழங்கியது என்பதற்கு மேல் எதையும் அது நிறுவவில்லை.

அப்பெருமான் எழும் நாளும் இப்பருவத்ததே. ஆஷாட வளர்பிறை ஏகாதசியில் பள்ளிகொண்டு, புரட்டாதியில் புரண்டு, கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில் துயிலெழுகிறான் என்பது புராணக் கணக்கு. அதுவே கைசிக ஏகாதசி. திருக்குறுங்குடி நம்பியைப் பாடி விடியலில் துயிலெழுப்பச் சென்ற பாணர்குலத்து நம்பாடுவான், வழியில் பிரம்மரக்ஷஸிடம் அகப்பட்டு, பாடித் திரும்புவேன் என்று சபதம் செய்து, சொன்னவாறே திரும்பிய வரலாற்றை வராக புராணம் கூறுகிறது. அதற்கு வியாக்கியானம் அருளிச்செய்தவரும், தீக்கனவு அழிக்கும் திருநாமத்துக்கு உரை கண்ட அதே பட்டர்தாம். அவர் அதை வாசிக்கக் கேட்டு உகந்து பெரிய பெருமாள் அவர்க்கு மோக்ஷம் அருளினார் என்பது திருவரங்க ஐதிகம். இன்றும் அவ்விரவில் திருவரங்கத்திலும் திருக்குறுங்குடியிலும் கைசிக புராணம் வாசிக்கப்படுகிறது. கேட்போர் கண்விழித்திருக்கின்றனர். அசோகவனத்துப் பிராட்டியை நோக்கி, நீ துயிலாமையால் உனக்குக் கனவு இல்லை, நான் கண்டதைக் கேள் என்று கம்பரின் திரிசடை தொடங்குவாள். கைசிக இரவில் அடியார்க்கும் துயில் இல்லை, கனவும் இல்லை. விழித்தெழும் பெருமான் எதிரே நம்பாடுவானின் பண் மட்டும் ஒலிக்கிறது.