தொழிற்சாலை கைகழுவிய கார்

பி.காம். முதல் வருஷத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று ஒரு பாடம் வரும். வண்டிக்கு ஆயில் மாற்றினால் வருவாயினம், எஞ்சினையே பெரிதாக மாற்றிப் போட்டால் முதலினம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். எனக்கு அது மறக்காமல் போனதற்குக் காரணம் எம்.ஜி.பி. என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். (ஓட்டியதெல்லாம் இல்லை, படத்தில் பார்த்ததோடு சரி!)

1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டனில் தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. எஞ்சின் 1798 சி.சி., சுமார் 95 குதிரைத்திறன். இந்த எஞ்சின் நமக்கு ஒருவகையில் சொந்தம்தான். நம்ம ஊர் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதே 'பி சீரிஸ்' குடும்பம். அதனால்தான் சாதாரண மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய வண்டியாக இருந்தது.

எஞ்சின் கெட்டி. எமன் துருதான். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எல்லாச் சுமையையும் தாங்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பகுதி துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போன மாதிரி. பழசை வெட்டி எடுக்காமல் மேலே புதுத் தகடு ஒட்டி, பெயின்ட் அடித்து விற்றவர்களும் உண்டு. டிங்கரிங் தில்லுமுல்லு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

இன்னொரு பக்கம், கம்பெனியே காரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க பம்பர் விதிகளுக்காக 1974-இல் பளபள குரோம் பம்பர் போய், பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரத்தையும் கூட்டினார்கள். திறந்த மாடலில் வளைவில் சாயாமல் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரைக்கூட எடுத்துவிட்டு, 1977 மாடலில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரண்டு கார்புரேட்டர் ஒன்றாகி, குதிரைத்திறன் அறுபது சொச்சத்துக்கு இறங்கியது (அளக்கும் முறையும் மாறியது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்). கணக்குப்பதிவியலில் இதற்கு என்ன பெயர்? முதலினச் செலவு செய்து சொத்தின் தரத்தைக் குறைப்பது!

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1970 வாக்கிலேயே கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை எம்.ஜி.பி.யில் பொருத்தி விற்றார். அது அலுமினிய எஞ்சின் என்பதால் பழைய இரும்பு எஞ்சினைவிடப் பெரிய பாரமில்லை. அதைப் பார்த்த பிறகு கம்பெனியும் 1973-இல் வி8 மாடல் விட்டது. பெட்ரோல் நெருக்கடி நேரம் வேறு, 2,591 கார்களோடு 1976-இல் முடிந்தது.

1979 செப்டம்பரில், எம்.ஜி. அபிங்டனுக்கு வந்த 50-ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடிய கையோடு, மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். விழா முடிந்த மறுநாள் இப்படி ஒரு செய்தி கேட்ட தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். 1980 அக்டோபரில் கடைசிக் கார் வந்தது.

அதற்குப் பிறகுதான் காருக்கு நல்ல காலம். ரப்பர் பம்பரைக் கழற்றி குரோம் போட்டார்கள், உயரத்தைக் குறைத்தார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரு 12 வோல்ட், பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், பழைய லீவர் ஷாக் அப்சார்பருக்குப் பதில் டெலஸ்கோபிக், ஃபோர்டு சியரா காரின் ஐந்து கியர் பெட்டி... பிரிட்டனில் 1999 கடைசியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, வால்வு சீட்டைக் கடினமானதாக மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் 1988. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, எம்.ஜி.பி.யின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. துருப்பிடித்த காரிலிருந்து எஞ்சின், கியர், ஆக்ஸில், சீட்டு எல்லாவற்றையும் கழற்றிப் புது பாடியில் மாட்டிக்கொள்ளலாம். இது ரிப்பேரா, புதுக் காரா? வகுப்பில் கேட்டேன். "எஞ்சின் பழசுதானே, ரிப்பேர்" என்றான் ஒருவன். "பாடிதானே கார், அது சொத்து" என்றாள் இன்னொருத்தி. சார் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான் முதலினத்தில்தான் எழுதுவேன். பழைய பாடியை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டு!

ரோவர் நிறுவனத்துக்கு இந்தக் குழப்பமே இல்லை. 1992-இல் அதே புது பாடியை மாற்றியமைத்து, வி8 எஞ்சினை வைத்து, 'ஆர்.வி.8' என்று புதுக் காராகவே விற்றது. காஸ்டெல்லோ இருபது வருஷம் முன்பு செய்த அதே வேலை! சுமார் 2,000 தயாரானதில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. அதில் பல பிறகு பிரிட்டனுக்கே திரும்பி வந்தன. இப்போது அவற்றுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவற்றுக்கும் ரிப்பேர் செலவுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.